இடுப்பு வலி உள்ளவர் இசை கேட்க எத்தகைய நாற்காலி வாங்கலாம்?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 56. கீழ்முதுகில் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த எம்ஆர்ஐ அறிக்கை சொன்னது. அறுவை சிகிச்சை தேவையில்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். வலது பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை அவ்வப்போது சுண்டி இழுக்கும். மாலையில் இரண்டு மணி நேரம் ஸ்பீக்கரில் இசை கேட்பதுதான் எனக்குள்ள பெரிய ஓய்வு. இப்போதைய சோபாவில் அரை மணி கடந்தால் வலி தொடங்கிவிடுகிறது. எழுந்தபின் சில நிமிடங்கள் நிமிர முடிவதில்லை. மூன்று நாற்காலிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, தலைக்கு மேல் உயர்ந்த முதுகுள்ள, மோட்டாரில் முதுகு சாய்ந்து கால் பலகை மேலெழும் தோல் ரிக்ளைனர். இரண்டாவது, தோள்பட்டை வரை மட்டுமே முதுகு உள்ள, தனிக் கால் ஸ்டூலுடன் வரும் சாய்வு நாற்காலி. மூன்றாவது, அலுவலகங்களில் போடும் எர்கானமிக் நாற்காலி. உயர்ந்த முதுகு ஒலியைக் கெடுக்கும் என்கிறார் நண்பர். தாழ்ந்த முதுகு கழுத்தைக் கெடுக்கும் என்கிறார் என் மனைவி. எதை வாங்குவது? கெட்டியான இருக்கைதான் முதுகுக்கு நல்லதா?

இயன்முறை மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரித்திருக்கும் வலிக்கும், நீங்கள் உட்காரப்போகும் நோக்கத்துக்கும் இரண்டாவது வகையே பொருத்தமானது. ஆனால் அதன் சாய்மானம் கூட்டிக் குறைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பிடரிக்கு ஒரு சிறிய தாங்கலும் சேர்க்கப்பட வேண்டும். ரிக்ளைனரைச் சில நிபந்தனைகளோடு ஏற்கலாம். அலுவலக நாற்காலியை இந்தப் பயன்பாட்டுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். உங்கள் நண்பரும் துணைவியாரும் சொல்வது இரண்டும் உண்மைதான் என்பதால், எதை எதற்கு விட்டுக்கொடுப்பது என்ற வரிசையை நீங்கள் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் கீழ்முதுகு, அடுத்து கால் நரம்பு, அதன்பின் கழுத்து, கடைசியாக ஒலி. ஒலியைக் கடைசியில் வைப்பதால் அதைக் குறைவாக மதிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஸ்பீக்கரை உயர்த்தலாம், சாய்க்கலாம், நகர்த்தலாம். உங்கள் முதுகெலும்பை அப்படி நகர்த்த முடியாது. அதனால்தான் இந்த வரிசை.

அலுவலக நாற்காலி எதற்காக வடிவமைக்கப்பட்டது என்று பாருங்கள். கைகள் மேசைமேல் வேலை செய்ய, கண்கள் திரையைப் பார்க்க, உடல் ஓரளவு நிமிர்ந்து விழிப்போடு இருக்க அது உதவுகிறது. இசை கேட்கும்போது கைகளுக்கு வேலையில்லை, கண்களை மூடிக்கொள்ளலாம், முதுகுத் தசைகள் முழுமையாகத் தளரலாம். உடலின் எடையை நாற்காலியே வாங்கிக்கொள்ள வேண்டிய வேளை அது. நிமிர்ந்து உட்கார்வதே நல்ல முதுகுக்கு அடையாளம் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருப்பதால் பலர் இந்த இடத்தில்தான் தவறான நாற்காலியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சோபாவில் உங்களுக்கு ஏன் வலிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாக விளங்கும். நிற்கும்போது கீழ்முதுகில் உள்நோக்கிய ஒரு இயல்பான வளைவு இருக்கிறது. உட்காரும்போது தொடை மேலேறி வருவது முழுவதும் இடுப்பு மூட்டில் மட்டும் நிகழ்வதில்லை. ஒரு பகுதி, இடுப்பெலும்பு பின்னோக்கிச் சுழல்வதால் கிடைக்கிறது. அப்படிச் சுழலும்போது அந்த வளைவு தட்டையாகிறது. ஆழமான, மெத்தென்ற சோபாவில் பிட்டம் கீழே புதைந்து முழங்கால் மேலே நிற்பதால் வளைவு தட்டையாவதோடு நில்லாமல் வெளிப்பக்கமாகவே கூனிவிடுகிறது. டிஸ்க்கின் முன்பக்கம் நசுங்கி, பின்பக்க நார்கள் இழுபடுகின்றன. நரம்பு இறங்கிச் செல்வதும் அந்தப் பின்பக்கம்தான். துணி மாட்டிய ஈஸிசேர் பலருக்கு முதல் பத்து நிமிடம் சுகமாகவும் அதன்பின் வேதனையாகவும் இருப்பதற்கும் இதே காரணம்தான். உடல் முழுவதையும் ஒரே வளைவாக அது வளைத்துவிடுகிறது.

டிஸ்க்கினுள் ஏற்படும் அழுத்தத்தை நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் செய்த அளவீடுகளில், சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது நிற்பதைவிட அழுத்தம் கூடுவதாகத் தெரிந்தது. 1970களில் அங்கு தொடர்ந்து நடந்த ஆய்வுகள், நாற்காலியின் முதுகைப் பின்னால் சாய்க்கச் சாய்க்க அழுத்தம் குறைவதையும், கீழ்முதுகுக்குத் தாங்கல் கொடுத்தால் மேலும் குறைவதையும் காட்டின. 1999இல் ஜெர்மனியில் ஒரு தன்னார்வலரின் டிஸ்க்கில், உங்களுக்குப் பிதுக்கம் உள்ள அதே நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையே, உணர்கருவியைப் பொருத்தி அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், உட்கார்ந்தபடி நன்றாக முன்னால் குனிந்தபோது 0.83, நாற்காலியில் பின்னால் தளர்ந்து சாய்ந்தபோது 0.27 மட்டுமே. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்பதால் எண்களை அப்படியே எல்லோருக்கும் பொருத்தக்கூடாது. இருந்தாலும், சாய்ந்தால் சுமை இறங்குகிறது என்ற செய்தி இந்த ஆய்வுகளில் ஒத்துப்போகிறது.

அழுத்தம் குறைவது ஒரு பாதி. வளைவு காக்கப்படுவது மறுபாதி. ஜெர்மன் அளவீட்டில் தளர்ந்து சாய்ந்த உடலில் அழுத்தம் குறைவாக இருந்தது என்பதற்காக முதுகைக் கூனிக்கொண்டு சரிந்து கிடக்கலாம் என்று பொருளில்லை. பின்பக்க நார்கள் ஏற்கெனவே தளர்ந்த டிஸ்க்குக்கு அந்தக் கூனல்தான் வலியைத் தருகிறது. 1953இல் கீகன் என்ற அமெரிக்க மருத்துவர் பல நிலைகளில் எடுத்த எக்ஸ்ரே படங்களைக் கொண்டு, உடலுக்கும் தொடைக்கும் இடையே ஏறத்தாழ 135 பாகை இருக்கும்போது கீழ்முதுகு தன் இயல்பான வளைவுக்கு அருகில் இருக்கிறது என்று காட்டினார். விண்வெளியில் எடையின்றி மிதக்கும் வீரர்களின் உடல் தானாகவே எடுத்துக்கொள்ளும் நிலையில் அந்தக் கோணம் சுமார் 128 பாகை என்று நாசா பதிவு செய்திருக்கிறது. 'ஜீரோ கிராவிட்டி' என்று விற்கப்படும் நாற்காலிகள் பெயரெடுத்தது இந்த வகைச் சிந்தனையிலிருந்துதான். நாற்காலியில் இவ்வளவு விரிந்த கோணத்தில் அமர்ந்தால் தலை மிகவும் பின்னால் போய்விடும் என்பதால், இசை கேட்பதற்கு 110 முதல் 125 பாகை வரை நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. அந்த எல்லைக்குள் எந்த இடத்தில் உங்கள் கால் இழுப்பு குறைகிறது என்பதை உங்கள் உடல்தான் காட்ட வேண்டும். சாய்மானம் கூட்டிக் குறைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதுகுப்பலகை மட்டும் சாய்ந்து, உட்காரும் பலகை தரைக்குக் கிடையாகவே இருந்தால் உடல் முன்னோக்கிச் சறுக்கும். மிக மெதுவாக நடப்பதால் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. என்னிடம் வருபவர்களை நான் நாற்காலியில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே கவனிப்பது அவர்களின் சட்டையை. இருபது நிமிடம் கழித்துச் சட்டையின் பின்பகுதி சுருண்டு தோள் பக்கம் ஏறியிருந்தால், பிட்டம் முன்னால் நகர்ந்து, கீழ்முதுகுக்கும் நாற்காலிக்கும் இடையே வெற்றிடம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். நாற்காலியை வடிவமைத்தவர் எவ்வளவு அருமையான தாங்கலை வைத்திருந்தாலும் அப்போது அது காற்றைத்தான் தாங்கிக்கொண்டிருக்கும். இதைத் தடுக்க, உட்காரும் பலகையின் பின்பகுதி முன்பகுதியைவிடச் சற்றுத் தாழ்ந்து, முதுகு சாயும்போது தானும் சேர்ந்து சாய வேண்டும். வழுவழுப்பான தோல் உறை சறுக்கலை அதிகமாக்கும். சொரசொரப்பான நெய்த துணி பிடித்து நிறுத்தும்.

இருக்கையின் ஆழத்தைப் பற்றி ஒரே ஒரு சோதனை போதும். பிட்டம் முதுகுப்பலகையைத் தொடும்படி முழுவதும் உள்ளே தள்ளி உட்காருங்கள். இருக்கையின் முன் விளிம்புக்கும் உங்கள் முழங்கால் மடிப்புக்கும் இடையே மூன்று நான்கு விரல்கள் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இருக்கை உங்களுக்கு ஆழம் அதிகம்; எவ்வளவு முயன்றாலும் நீங்கள் முன்னால் நகர்ந்து கூனித்தான் உட்காருவீர்கள். உயரமும் அப்படியே: உங்கள் எடையில் மெத்தை அமுங்கிய பின்பும் பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிட அதிகம் மேலே போகக்கூடாது. சாய்வு நாற்காலிகள் பல தாழ்வாகவே செய்யப்படுகின்றன. 40 சென்டிமீட்டருக்கும் குறைவான உயரத்திலிருந்து எழுவது வலியுள்ள இடுப்புக்குக் கடினமாக இருக்கும். நாற்காலியின் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்திக்கொள்ள முடியுமா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்து கீழ்முதுகுத் தாங்கல். 'லம்பார் சப்போர்ட்' என்ற பெயரில் நாற்காலிகளில் வருவது பல நேரங்களில் தவறான உயரத்தில் இருக்கிறது. அது பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வர வேண்டும். விலா எலும்பின் கீழ்ப்பகுதியில் முட்டினால் நடுமுதுகைத் தள்ளி, கீழ்முதுகை மேலும் கூனவைக்கும். எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதை ஒரு துண்டை வைத்துக் கண்டுபிடிக்கலாம். குளிக்கும் துண்டை நீளவாக்கில் இறுக்கமாகச் சுருட்டி, உங்கள் முன்கை தடிமனில் தொடங்கி, கீழ்முதுகில் குறுக்காக வைத்துப் பத்து நிமிடம் உட்காருங்கள். கால் இழுப்பு பிட்டத்தை நோக்கி ஏறி வந்து சுருங்கினால் அது நல்ல அறிகுறி. இடுப்பில் வலி சற்றுக் கூடியதுபோல் தோன்றினாலும், காலில் வலி சுருங்குகிறது என்றால் நாம் சரியான திசையில் போகிறோம். மாறாக, கெண்டைக்காலை நோக்கி வலி இறங்கினால் ஒரு சுற்று பிரித்துத் தடிமனைக் குறையுங்கள்; அப்போதும் இறங்கினால் தாங்கலையே எடுத்துவிடுங்கள். உங்கள் அறிக்கையில் எழுதியிருப்பது என்னவாக இருந்தாலும், தாங்கலின் அளவை முடிவு செய்வது இந்தச் சோதனைதான்.

அறிக்கையைப் பற்றி இன்னும் ஒரு சொல். முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு டிஸ்க் பிதுங்கியிருந்தது. எனவே பிதுக்கம் என்ற வார்த்தையைக் கண்டு முதுகு உடைந்துவிட்டதுபோல் எண்ணி, அசையாமல் உட்கார்ந்து அதைக் காப்பாற்ற முயலாதீர்கள். குனிந்தால் வலிக்கிறதா, நிமிர்ந்தால் வலிக்கிறதா என்பதே நாற்காலித் தேர்வுக்கு முக்கியம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் குனிந்த நிலையில் வலி கூடும் வகையாகத் தெரிகிறது. தண்டுவடப் பாதை குறுகிப்போனவர்களுக்கு இதற்கு நேர்மாறாக, நிற்கும்போதும் நடக்கும்போதும் வலித்து, சற்றுக் குனிந்து உட்கார்ந்தால் இதமாக இருக்கும். அவர்களுக்குப் பெரிய கீழ்முதுகுத் தாங்கல் துன்பமாகிவிடும். அதனால்தான் ஒருவருக்குச் சுகமாக இருந்த நாற்காலியை இன்னொருவர் அப்படியே வாங்கக்கூடாது.

கெட்டியான இருக்கைதான் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். பலகைபோல் கெட்டியான இருக்கை உங்கள் எடை முழுவதையும் பிட்டத்தின் இரண்டு எலும்பு முனைகளில் குவிக்கும். அரை மணியில் நீங்கள் நெளியத் தொடங்குவீர்கள். பஞ்சுபோல் மெத்தென்ற இருக்கையில் இடுப்பெலும்பு புதைந்து சுழலும். மேல்பரப்பில் இதமாக அமுங்கி, அதற்கடியில் உறுதியாக நின்றுவிடும் இருக்கையே தேவை. ஃபோம் எவ்வளவு அடர்த்தியானது என்று விற்பவரிடம் கேளுங்கள். ஒரு கன மீட்டருக்கு 35 கிலோ அல்லது அதற்கு மேல் உள்ள, அமுக்கினால் உடனே மீளும் வகை நீண்ட காலம் வடிவம் காக்கும். அடர்த்தி குறைந்த ஃபோம் வாங்கிய புதிதில் நன்றாகவே இருக்கும், பின்னர் நீங்கள் உட்காரும் இடத்தில் மட்டும் குழி விழுந்துவிடும். கெட்டித்தன்மையும் அடர்த்தியும் ஒன்றல்ல. கடைகளில் இரண்டையும் கலந்து பேசுவார்கள்.

காலைப் பற்றிச் சொல்ல வேண்டியது உங்கள் நிலையில் மிக முக்கியம். விளம்பரப் படங்களில் காண்பதுபோல் கால்களை நேராக ஸ்டூல்மேல் நீட்டி உட்கார்வது உங்களுக்கு ஆகாது. நாங்கள் நரம்பு இழுபடுகிறதா என்று பரிசோதிக்கும்போது, முழங்காலை மடக்காமல் காலை மேலே தூக்கித்தான் பார்ப்போம். கால் நேராக இருக்கும்போது இடுப்பிலிருந்து இறங்கும் பெருநரம்பு முழு நீளத்துக்கும் இழுபடுகிறது. தொடையின் பின்தசையும் இடுப்பெலும்பைப் பின்னோக்கி இழுத்து முதுகைக் கூனவைக்கிறது. ரிக்ளைனர்களில் கால் பலகை மேலெழும்போது இதே நிலைதான் உண்டாகிறது. அந்த நிலையில் இரண்டு மணி நேரம் இருப்பது, அந்தப் பரிசோதனையை இரண்டு மணி நேரம் நீட்டிச் செய்வதற்குச் சமம். ஸ்டூலின் உயரம் இருக்கையைவிடத் தாழ்வாக இருக்கட்டும், அதை நாற்காலிக்கு அருகே இழுத்துப் போட்டு, கெண்டைக்காலின் கீழ் ஒரு தலையணையை வைத்து, முழங்கால் நன்கு மடங்கியிருக்கும்படி காலை வையுங்கள். குதிகால் மட்டும் ஸ்டூலில் பட்டு, முழங்கால் அந்தரத்தில் தொங்கக்கூடாது. தனி ஸ்டூல் உள்ள நாற்காலியை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்; நாற்காலியோடு இணைந்த கால் பலகையை இப்படி நகர்த்த முடியாது.

இனி நண்பரும் துணைவியாரும் மாறுபடும் இடத்துக்கு வருகிறேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை கழுத்தின்மேல் சமநிலையில் நிற்கிறது, தாங்கல் தேவையில்லை. 110 பாகைக்கு மேல் சாய்ந்ததும் தலையின் எடை பின்னால் விழத் தொடங்குகிறது. தாங்கல் இல்லாவிட்டால் கழுத்தின் முன்தசைகள் தலையைப் பிடித்து நிறுத்த வேண்டும். வயது வந்தவரின் தலை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ எடை உள்ளது என்பதை நினைத்தால், இரண்டு மணி நேரம் அதைப் பிடித்து நிறுத்துவது எவ்வளவு வேலை என்று புரியும். எனவே துணைவியார் சொல்வது சரி: முதுகுக்காகச் சாய்ந்தால் கழுத்துக்குத் தாங்கல் கட்டாயம்.

நண்பர் சொல்வதும் வெறும் நம்பிக்கை அல்ல. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி காதை அடைந்த பிறகு, காதுக்குப் பின்னால் இருக்கும் பரப்பில் பட்டுத் திரும்பி மீண்டும் காதுக்கு வருகிறது. அந்தப் பரப்பு 10 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், திரும்பி வரும் ஒலி 20 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணித்து, சுமார் 0.6 மில்லிவினாடி தாமதமாக வந்து சேரும். அந்தத் தாமதத்தில் 850 ஹெர்ட்ஸ் அதிர்வெண் அருகே நேர் ஒலியும் திரும்பிய ஒலியும் ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும். அதற்கு மேலும் வரிசையாகச் சில இடங்களில் இதுவே நிகழும். பாடுபவரின் குரலில் நாம் கவனிக்கும் பகுதியெல்லாம் இங்கேதான் இருக்கிறது. குரல் சற்று அடைத்ததுபோல் கேட்பதும், இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே தெளிவாக நின்ற பாடகர் பரந்து மங்குவதும் இதனால்தான். வழுவழுப்பான தோல் உறை உயர் ஒலிகளை நன்றாகத் திருப்பி அனுப்பும். தடித்த ஃபோம்மேல் காற்று புகும் நெய்த துணி போர்த்தியிருந்தால் கணிசமான பகுதி உறிஞ்சப்படும். தலையின் இரு பக்கமும் இறக்கை விரித்ததுபோல் வளைந்து வரும் நாற்காலிகள் இந்த வகையில் மிகவும் மோசம்.

இரண்டையும் ஒருசேரத் தீர்க்கும் வழி, தலைக்குப் பின்னால் அல்லாமல் பிடரியில் தாங்குவது. மண்டையோட்டின் அடிவிளிம்புக்குக் கீழே, கழுத்தின் பின்வளைவில் பொருந்தும்படி, காதின் உயரத்துக்குக் கீழேயே முடிந்துவிடும் குறுகிய உருளைத் தலையணை ஒன்று போதும். தோள்பட்டை வரை முதுகுள்ள நாற்காலியில் இதை ஒரு பட்டையால் மேல்விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, பட்டையின் மறுமுனையில் எடை கட்டி நிறுத்தலாம். இப்படியே தயாராக வரும் நாற்காலிகளும் உள்ளன. காதுகள் இரண்டும் திறந்த வெளியில் இருக்கும், தலையின் எடை தசைக்குப் போகாது. இத்தகைய தாங்கலோடு 115 பாகை வரை சாய்வது பெரும்பாலோருக்கு இதமாக இருக்கும். அதற்கும் மேல் சாய்ந்தால்தான் உங்கள் கால் வலி அடங்குகிறது என்றால், முழுத் தலைத் தாங்கல் வேண்டியதுதான். அப்போது உயர்ந்த முதுகுள்ள நாற்காலியையே துணி உறையோடு வாங்கி, காதுக்குப் பின்னால் வரும் இடத்தில் ஒரு தடித்த கம்பளியை மடித்துப் போட்டுக் கேளுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரலைக் கம்பளியோடும் கம்பளி இல்லாமலும் கேட்டால் எவ்வளவு வேறுபாடு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். என்னைக் கேட்டால், வலியோடு கேட்கும் துல்லியமான ஒலியைவிட, வலியின்றிக் கேட்கும் சற்று மங்கிய ஒலி மேலானது.

சாய்வு நாற்காலியில் உட்காரும்போது காதின் உயரம் சோபாவில் இருந்ததைவிட மாறியிருக்கும். உயர் ஒலிகளைத் தரும் ட்வீட்டர் காதின் உயரத்துக்கு நேராக இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஸ்பீக்கர்களுக்குப் பொருந்தும் விதி. காது ட்வீட்டரைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டது, ஸ்பீக்கர் இரண்டரை மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கரை இரண்டு பாகைக்குச் சற்று மேல் முன்னோக்கிச் சாய்த்தால் போதும். 25 சென்டிமீட்டர் ஆழமுள்ள பெட்டிக்கு அது பின்பக்க விளிம்பின் அடியில் 1 சென்டிமீட்டர் ரப்பர்த் துண்டு வைப்பதற்குச் சமம். ஸ்பீக்கர் தாங்கியில் அசையாமல் நிற்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்பீக்கர் இருக்கும் உயரத்துக்கு ஏற்ப உடலை நிமிர்த்திக்கொண்டு உட்காரும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது வேண்டாம். நாற்காலி உங்களுக்கு ஏற்ற நிலையில் அமைந்த பிறகு, வேறொருவரை அழைத்து உங்கள் காதின் உயரத்தைத் தரையிலிருந்து அளக்கச் சொல்லுங்கள்; அந்த அளவை வைத்து ஸ்பீக்கரைச் சரிசெய்யுங்கள்.

கைப்பிடி இல்லாத நாற்காலியைப் பார்க்கவே வேண்டாம். முழங்கையை வைத்தால் தோள் தூக்கிக்கொள்ளாத உயரத்தில், அழுத்தினால் ஆடாத உறுதியான கைப்பிடி தேவை. கைகளின் எடையை அது வாங்கிக்கொள்வதோடு, எழும்போது உங்கள் இடுப்பின் சுமையில் ஒரு பங்கையும் ஏற்கும். எழும்போது முதலில் இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்சாய்ந்து, கைப்பிடியை அழுத்தி எழுங்கள். ரிக்ளைனரின் மோட்டார் உங்களை நிமிர்த்திவிடும் என்பது அதன் நன்மைதான். இருந்தாலும் சாய்வும் கால் பலகையும் ஒரே பொத்தானில் சேர்ந்து இயங்கும் மாடலை வாங்காதீர்கள். இரண்டும் தனித்தனியாக இயங்க வேண்டும்.

கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்து வாங்கும் நாற்காலி ஏமாற்றிவிடும். உங்களுக்கு வலி தொடங்குவது அரை மணிக்குப் பிறகு என்கிறீர்கள். அப்படியானால் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். ஹெட்ஃபோனும் ஒரு புத்தகமும் எடுத்துச் செல்லுங்கள், வீட்டில் அணியும் செருப்போடு அல்லது செருப்பில்லாமல் உட்காருங்கள், கூச்சப்படாதீர்கள். நாளின் தொடக்கத்தைவிட மாலையில் செல்வது நல்லது. நீங்கள் இசை கேட்கும் நேரத்து முதுகைத்தான் சோதிக்க வேண்டும். திருப்பித் தரும் வசதி உள்ள கடையில் வாங்கினால் வீட்டிலேயே சில மாலைகள் பார்த்து முடிவு செய்யலாம்.

எவ்வளவு நல்ல நாற்காலியாக இருந்தாலும் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார அது அனுமதி தராது. வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய்கள் செல்வதில்லை. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து ஊறி வரும் திரவம்தான் அதற்கு உணவு, உடல் நிலை மாறுவது அதற்கு உதவுகிறது. இசைத்தட்டு கேட்பவர்களுக்கு இதில் ஒரு இயற்கையான வசதி இருந்தது. 1948இல் வந்த எல்பி தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல் ஓடும், பிறகு எழுந்து திருப்பிப் போட்டே ஆக வேண்டும். இன்று இணையத்தில் ஓடும் பட்டியல்களுக்கு முடிவே இல்லை. ஆகவே நீங்களே அப்படியொரு முடிவை வைத்துக்கொள்ளுங்கள்: இருபத்தைந்து நிமிடத்துக்குத் தேவையான பாடல்களை மட்டும் வரிசைப்படுத்துங்கள், ரிமோட்டைக் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். எழுந்ததும் இடுப்பில் கைவைத்து மெல்லப் பின்னால் வளைந்து, அறைக்குள் ஒரு நிமிடம் நடந்துவிட்டு உட்காருங்கள். எழுந்த உடனே குனிந்து கீழ்த்தட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். நெடுநேரம் வளைந்திருந்த தசைநார்கள் இழுபட்டுத் தளர்ந்திருக்கும்; பழைய நிலைக்குத் திரும்பச் சில நிமிடங்கள் ஆகும். இசைத்தட்டுகள் வைத்திருந்தால் அடிக்கடி எடுப்பவற்றை இடுப்பு உயரத் தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

புதிய நாற்காலி வரும்வரை சோபாவைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. உட்காரும் மெத்தையின் அடியில் ஒட்டுப்பலகை ஒன்றைச் செருகி அது புதைவதைக் குறையுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு கெட்டித் தலையணையை வைத்து ஆழத்தைக் குறையுங்கள். சுருட்டிய துண்டைக் கீழ்முதுகில் வையுங்கள். வலி மிகுந்த நாட்களில் உட்காருவதையே விட்டுவிட்டு, மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை ஒரு நாற்காலியின்மேல் வைத்து, ஹெட்ஃபோனில் கேளுங்கள். அந்த நிலையில் இடுப்புக்குப் பெரும் ஓய்வு கிடைக்கும்.

வாங்கிய பின் முதல் இரண்டு வாரம், எழுந்த உடனே வலி எந்த இடம் வரை இறங்கியிருக்கிறது, நிமிர எவ்வளவு நேரம் ஆகிறது என்ற இரண்டை மட்டும் குறித்து வையுங்கள். கெண்டைக்காலில் இருந்த வலி பிட்டத்தோடு நின்றுவிட்டால் நாற்காலி உங்களுக்குப் பொருந்துகிறது. இறங்கிக்கொண்டே போனால் சாய்மானத்தையும் தாங்கலையும் மாற்றிப் பாருங்கள், அப்போதும் மாறாவிட்டால் நேரில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றிய பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, சிறுநீர் வராமல் தடைபட்டாலோ, காலில் பலம் குறைந்து பாதம் தரையில் இழுபட்டாலோ, நாற்காலியைப் பற்றிய யோசனையையெல்லாம் விட்டுவிட்டு அதே நாளில் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.